தமிழ்99-உம் கன்ட்ரோல் விசையும்: டிடிபி கடையில் பல வருட அனுபவம்

ஈரோட்டில் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கும்பாபிஷேக நோட்டீஸ், மஞ்சள் மண்டிக்கு பில் புத்தகம் என்று நாள் முழுக்கத் தமிழ் தட்டச்சுதான். கம்ப்யூட்டர்கள் எல்லாம் லினக்ஸ், கீபோர்டு முறை தமிழ்99. தட்டச்சு வேகத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பெரிய தொந்தரவு ஷார்ட்கட்தான்.

"அண்ணா, கன்ட்ரோல் இசட் எடுக்க மாட்டேங்குதுங்க" (கடைசியாகச் செய்ததை ரத்து செய்யும் ஷார்ட்கட் அது) என்ற குரல் தை மாத முகூர்த்த நெருக்கடியில் எழுந்தால் வேலை அப்படியே நின்றுவிடும். காரணம் இதுதான்: கீபோர்டு அனுப்புவது விசையின் எண்ணை மட்டும். அது எந்த எழுத்து என்று சொல்வது லேஅவுட். தமிழ்99-இல் இசட் இருக்கும் இடத்தில் ஔ, சி இடத்தில் ஒ, எஸ் இடத்தில் இ. அதனால் நாம் கன்ட்ரோலோடு இசட்டை அழுத்தினாலும் மென்பொருளுக்குப் போய்ச் சேர்வது கன்ட்ரோல் ஔ. அக்கறையோடு எழுதப்பட்ட மென்பொருள், கம்ப்யூட்டரில் நாம் சேர்த்திருக்கும் லேஅவுட் பட்டியலில் ஆங்கிலமும் இருக்கிறதா என்று தேடி, அந்த விசை அங்கே இசட் என்று புரிந்துகொள்ளும். பட்டியலில் தமிழ் மட்டும் இருந்தால் அதற்கும் வழியில்லை. ஆங்கிலத்தைப் பட்டியலிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள்.

இதைவிட நல்ல வழி, தமிழை லேஅவுட்டாகப் போடாமல், ஐபஸ் என்ற தட்டச்சு உதவி மென்பொருள் வழியாகப் போடுவது. அடியில் ஆங்கில லேஅவுட் அப்படியே இருக்கும், அதற்கு மேல் எழுத்து மட்டும் தமிழாக மாறும். கன்ட்ரோலோடு அழுத்தியதை ஐபஸ் தொடாமல் விட்டுவிடும். இன்னொரு லாபமும் உண்டு. அ, ம, ம, ஆ என்று அடித்தால் புள்ளி தானாக விழுந்து ‘அம்மா’ வந்துவிடும். முந்தைய எழுத்தைப் பார்த்து முடிவெடுக்கிற இந்த வேலை வெறும் லேஅவுட்டால் ஆகாது. எங்கள் கடையில் எல்லா கம்ப்யூட்டரையும் இதற்கே மாற்றிவிட்டேன். அதன் பிறகு கன்ட்ரோல் ஷார்ட்கட்டுக்காக யாரும் கூப்பிடுவதில்லை.

உலாவியில் ஓடும் மென்பொருள்கள் தனிக் கதை. வாடிக்கையாளர் ஒருவரின் கம்ப்யூட்டரில் தமிழ் லேஅவுட்தான். அவர் பயன்படுத்தும் ஒரு பில்லிங் மென்பொருளில் தமிழுக்கு மாறியதும் ஒரு ஷார்ட்கட்டும் வேலை செய்யவில்லை. உலாவி மென்பொருள்களை எழுதும் நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் ‘கீ’ என்று கேட்டால் எழுத்து வரும், ‘கோட்’ என்று கேட்டால் விசையின் இடம் வரும். அவர்கள் எழுத்தை மட்டுமே பார்த்திருக்கிறார்கள். அதற்காக இடத்தை மட்டும் பார்க்கச் சொல்வதும் சரியல்ல. பிரெஞ்சு கீபோர்டில் நம் கியூ இருக்கும் இடத்தில் ஏ இருக்கிறது, அங்கே எல்லாம் இடம் மாறிப்போகும். வந்த எழுத்து ஆங்கில எழுத்தா, அதையே எடுத்துக்கொள். இல்லையா, இடத்தைப் பார். இது சில வரி நிரல்தான். தமிழில் தொழில் செய்கிறவர்களிடம் காசு வாங்கும் எந்த நிறுவனமும் இதைச் செய்தே ஆக வேண்டும்.

விண்டோஸில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே ஒவ்வொரு விசைக்கும் எழுத்தோடு தனியாக ஒரு எண்ணும் போகிறது, பெரும்பாலான மென்பொருள்கள் அந்த எண்ணைத்தான் பார்க்கின்றன. மேக்கில் கமாண்ட் விசையை அழுத்தியிருக்கும்போது தமிழ் லேஅவுட்டே ஆங்கில எழுத்தைக் கொடுத்துவிடும்.

இன்னும் முழுசாகத் தீராதது ஒற்றை எழுத்து ஷார்ட்கட். வரைகலை மென்பொருள்களில் கருவி மாற்ற ஒரே ஒரு எழுத்தை அழுத்துவோம். கன்ட்ரோல் கூட இல்லாதபோது அது தட்டச்சா கட்டளையா என்று பிரித்துப் பார்ப்பது கடினம். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் இதற்கு எஃப் வரிசை விசைகள் இருப்பது பெரிய உதவி: தேர்வுக்கு எஃப்1, பெட்டி வரைய எஃப்4, எழுத்துக்கு எஃப்8. எந்த மொழியில் இருந்தாலும் இவை மாறாது. எங்கள் கடைக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலிலேயே இவற்றைத்தான் பழக்குகிறேன். அப்புறம், லினக்ஸின் க்னோம் என்ற திரை அமைப்பில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனி மொழி வைக்கும் வசதி உண்டு. அதை இயக்கிவிட்டால் பத்திரிகை ஒரு ஜன்னலில் தமிழிலும், வாடிக்கையாளருக்கு எழுதும் மெயில் இன்னொன்றில் ஆங்கிலத்திலும் அதனதன் பாட்டுக்கு நிற்கும்.