மனைவி விசாவுக்கு ‘எக்ஸ்பிரஸ்’ வழி என்று சொல்லி 1,85,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள்

நேற்று ராத்திரிதான் உறுதியாகத் தெரிந்தது. என் மகளுக்கு ஐ-130 மனு, அதாவது அமெரிக்காவில் இருக்கும் கணவர் மனைவியை அழைத்துக்கொள்ள முதலில் போடும் மனு, தாக்கலே ஆகவில்லை. 1,85,000 ரூபாய் போச்சு. அடுத்தவர்களாவது ஏமாறாமல் இருக்கட்டும் என்று உடனே எழுதுகிறேன்.

மாப்பிள்ளை அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர், டெக்சாஸில் இருக்கிறார். தை மாதம் திருச்சியில் கல்யாணம் முடிந்து, பதிவுச் சான்றிதழும் வாங்கியாச்சு. அவருக்கு வேலையும் வீடும் ஒன்றாக மாறிய நேரம் என்பதால் காகித வேலையை நான் எடுத்துக்கொண்டேன். சென்னையில் ஒரு குடியேற்ற ஆலோசனை அலுவலகம். சுவர் முழுக்க பாஸ்போர்ட்டைக் காட்டிச் சிரிக்கும் குடும்பங்களின் படங்கள்.

அங்கே பேசிய அம்மா கல்யாண ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். “பொண்ணு மாப்பிள்ளை மட்டும் நிக்கிற படம் போதாதுப்பா, ரெண்டு வீட்டுச் சொந்தக்காரங்களும் இருக்கிறதை வைங்க” என்றார். கல்யாணம் உண்மையானது என்று காட்ட அதுதான் வேண்டும், சரியாகத்தான் சொன்னார். “என் பொண்ணு மாதிரி பார்த்துக்கறேன்” என்று கையைப் பிடித்ததும் என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். சாதாரணமாகப் போட்டால் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகுமாம், ‘எக்ஸ்பிரஸ்’ என்றால் ஆறே மாதமாம். அரசுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 1,85,000. அன்றைக்கே கட்டினோம்.

ரசீது எண் என்று ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் ‘சர்வர் டவுன்’, ‘ஃபைல் மூவ் ஆயிடுச்சு’, ‘சார் மும்பை துணைத்தூதரகத்துக்குப் போயிருக்கார்’. மனு ஒப்புதல் ஆகி, அமெரிக்காவின் தேசிய விசா மையத்தில் காகிதமெல்லாம் முடிந்த பிறகுதான் மும்பை நேர்காணலே வரும். தாக்கலே ஆகாத மனுவுக்கு மும்பையில் என்ன வேலை? மகள் ஒவ்வொரு வாரமும் “என்னாச்சுப்பா” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நேற்று மாப்பிள்ளை அந்த எண்ணை யூஎஸ்சிஐஎஸ் (அமெரிக்கக் குடியேற்றத் துறை) தளத்தில் போட்டுப் பார்த்தார். அப்படி ஒரு எண்ணே இல்லை. உண்மையான எண்ணில் மூன்று எழுத்தும் பத்து இலக்கமும் இருக்கும். இவர்கள் கொடுத்ததில் ஒன்பது இலக்கம்தான்! போன் செய்து கேட்டால், “சேவைக் கட்டணம் திரும்பத் தர முடியாது சார், பில்லுக்குப் பின்னாடி போட்டிருக்கு” என்று வைத்துவிட்டார்கள். அதே அம்மா.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் சொல்கிறேன். ஐ-130க்குப் பணம் கட்டி வேகப்படுத்தும் வழி கிடையாது, யார் சொன்னாலும் பொய். படிவம் இலவசம். 2024 ஏப்ரலிலிருந்து கட்டணம் இணையத்தில் 625 டாலர், காகிதத்தில் 675. ஸ்பான்சர் செய்பவரே தன் பெயரில் கணக்குத் தொடங்கித் தாக்கல் செய்யலாம். ரசீது எண் வந்த அன்றே தளத்தில் போட்டுப் பாருங்கள். உதவி வேண்டுமென்றால் அமெரிக்காவில் உரிமம் உள்ள வக்கீலிடம் போங்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிவதற்குள் அங்கே போனால் முதலில் இரண்டு வருஷ கிரீன் கார்டுதான் தருவார்கள். நேராகப் பத்து வருஷ கார்டு என்று எங்களிடம் சொன்னதும் பொய்.

மாப்பிள்ளை இப்போது அவரே தாக்கல் செய்கிறார். வரிசையில் முதலிலிருந்து நிற்க வேண்டும். திங்கட்கிழமை போலீஸில் புகார் கொடுக்கிறேன். சென்னையில் இப்படி ‘எக்ஸ்பிரஸ்’ என்று பணம் கட்டியவர்கள் ரசீதோடு எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே கொடுப்போம்.