தேவிகுளத்தில் இரு முன்னணிகள்: ஆஸ்பத்திரி, பள்ளி, லயம்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழ் பேசும் தேயிலைத் தொழிலாளர்கள் நிறைந்த தேவிகுளம், இரு தரப்புக்கும் நீண்ட வாய்ப்புக் கொடுத்த சட்டமன்றத் தொகுதி. 1991 முதல் 2006 வரை, ஐக்கிய முன்னணிக்குத் தலைமை தாங்கும் காங்கிரசின் ஏ.கே.மணி எம்.எல்.ஏ.; 2006 முதல் 2021 வரை, இடது முன்னணிக்குத் தலைமை தாங்கும் மார்க்சிஸ்ட் கட்சியின் எஸ்.ராஜேந்திரன். வாக்குறுதிகளை ஒதுக்கிவிட்டு, அவரவர் முன்னணி ஆட்சியில் நடந்ததை வைத்தே எடைபோடுகிறேன்.

மருத்துவத்தில் இடது முன்னணிக்கே என் மதிப்பெண் கூடுதல். இடுக்கி மருத்துவக் கல்லூரியை 2014இல் தொடங்கியது ஐக்கிய முன்னணி. போதிய வசதியில்லாமல் 2016இல் சேர்க்கை நின்றுபோனது. 2022இல் 100 இடங்களோடு அதை மீட்டது இடது ஆட்சி. ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார மையங்களாக்கிய ஆர்த்ரம் திட்டமும் அவர்களுடையதே. லாட்டரிப் பணத்தில் ஏழைகளின் சிகிச்சைக்கு உதவிய காருண்யா, ஐக்கிய முன்னணி செய்த நல்ல காரியம். இத்தனைக்கும் பிறகு, சித்திக்கு நெஞ்சுவலி வந்த இரவில் நாங்கள் ஜீப்பைப் போடிமெட்டு வழியாகத் தேனிக்குத்தான் விட்டோம். வலி எந்தப் பக்கம், எப்போதிருந்து என்று டாக்டர் தமிழில் கேட்டார். சித்தி தன் வாயாலேயே பதில் சொன்னார்.

கல்வியில், அரசுப் பள்ளி வகுப்பறைகளை நவீனமாக்கிய பெருமை இடது ஆட்சிக்கு உண்டு. பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயமாக்கிய 2017ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த ஆட்சியுடையதே. மலையாளம் வேண்டாம் என்று எஸ்டேட்டில் யாரும் சொல்வதில்லை. வேலைக்கு அது வேண்டும். தமிழ் வகுப்புக்கு ஆசிரியர் வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

தொழிலாளர் விஷயத்துக்கு வந்தால் இருவரையும் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. 2015இல், ஐக்கிய முன்னணி ஆண்டபோது, நாள் கூலி 232 ரூபாய். போனஸையும் தோட்ட நிறுவனம் 10 சதவீதமாகக் குறைத்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் திரண்டு மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். எந்தத் தொழிற்சங்கத் தலைவரையும் அருகே விடவில்லை. 20 சதவீதம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். 500 கேட்ட கூலி பின்னர் 301 ஆயிற்று.

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, இடது ஆட்சியில், மூணாறு அருகே பெட்டிமுடியில், எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் மேல் மலை சரிந்தது. 70 பேர் போனார்கள். உயிர்தப்பிய குடும்பங்களுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் எழுந்தவை 8 வீடுகள்.

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை விழுங்கிய மத்திய அரசின் புதிய தொழிலாளர் சட்டங்களை இரு முன்னணிகளும் எதிர்க்கின்றன. சரியான நிலைப்பாடுதான். ஆனால் வேலை முடிந்தால் லயத்தைக் காலிசெய்ய வேண்டும் என்ற பழைய ஏற்பாட்டை இருவருமே மாற்றவில்லை.

சித்தி அடுத்த ஆண்டு ஓய்வுபெறுகிறார். முப்பது வருடம் குடியிருந்த லயத்தின் சாவியை ஒப்படைத்த மறுநாள் அவர் எங்கே சமைப்பார் என்றுதான் வருகிற வேட்பாளர்களிடம் கேட்கப்போகிறோம். எந்த இடத்தில், எத்தனை சென்ட், எந்தத் தேதியில் பட்டா என்று சொல்கிறவருக்கே எங்கள் வீட்டின் நான்கு வாக்குகளும்.