பழி போடாத போஸ்ட்மார்ட்டம்: ஆறு வருடப் பயன்பாட்டில் கண்டது

நான் சேர்ந்தபோது எங்கள் நிறுவனத்தில் எஞ்சினியர்கள் 40 பேர். இப்போது 600-ஐத் தாண்டிவிட்டோம். சிஸ்டம் விழுந்தால் யார் மீதும் பழி போடாமல், என்ன நடந்தது என்று அறிக்கை (போஸ்ட்மார்ட்டம்) எழுதும் வழக்கம் அன்றிலிருந்து இருக்கிறது. நடுவில் ஒருமுறை செத்துப் பிழைத்தது.

எட்ஸி என்ற ஆன்லைன் விற்பனைத் தளத்தில் இருந்த ஜான் ஆல்ஸ்பா 2012-இல் இதைப் பற்றி எழுதினார். ஒருவர் தவறு செய்தால், அந்த நேரத்தில் அது அவருக்கு ஏன் சரியாகப் பட்டது என்று கேட்க வேண்டும். தண்டனைக்குப் பயந்தவர் பாதியைத்தான் சொல்வார். மீதிப் பாதியில்தான் கோளாறின் வேர் இருக்கும்.

புதிதாக வருபவர்களுக்கு நான் காட்டுவது, புரோகிராம் கோடைச் சேமித்து வைக்க உதவும் கிட்லேப் நிறுவனத்தின் அறிக்கை. 2017 ஜனவரி 31 அன்று ஒரு எஞ்சினியர் சர்வர் மாறி, பயனர்கள் பயன்படுத்திக்கொண்டிருந்த புரொடக்‌ஷன் டேட்டாபேஸை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. ஆனால் அறிக்கை அவரோடு நின்றுவிடவில்லை. பேக்கப் எடுக்கும் கருவியின் வெர்ஷன் டேட்டாபேஸோடு பொருந்தாததால் பேக்கப்பே ஆகவில்லை. அதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக ஒருவர் எடுத்து வைத்த நகல்தான் காப்பாற்றியது. அழித்தவரைத் திட்டிவிட்டு மூடியிருந்தால் இதில் எது வெளியே வந்திருக்கும்?

எங்கள் கதைக்கு வருகிறேன். முதல் வருடம் என் டெப்ளாயால் (புதிய கோடை சிஸ்டத்தில் ஏற்றுவது) பேமெண்ட் 40 நிமிடம் நின்றது. கை நடுங்கியது. டீம் லீட் பக்கத்தில் உட்கார்ந்து, "போன வருஷம் நான் செஞ்சதை முதல்ல படி" என்று தன் பழைய அறிக்கையைத் திறந்தார். அப்புறம்தான் என்னால் முழுதாக எழுத முடிந்தது.

200 பேரைத் தொட்டபோது இதையே படிவமாக்கினார்கள். 48 மணி நேரக் கெடு, "பொறுப்பாளர்" என்று ஒரு கட்டம். அப்ரைசலில் அதை எடுத்துப் பேசியதும் எல்லாம் மாறிப்போனது. "மனிதத் தவறு, இனி கவனமாக இருப்போம்" என்று இரண்டு வரியில் முடித்தார்கள். சிஸ்டம் விழுவது குறையவில்லை, அறிக்கைகள் மட்டும் குறைந்தன. எனக்கு இன்றும் வருத்தம் தரும் காலம் அது.

மீட்க ஒன்றரை வருடம் ஆனது. படிவத்திலிருந்து "பொறுப்பாளர்" கட்டத்தை எடுத்தோம். அப்ரைசலில் இதைப் பேசக்கூடாது என்று எழுத்தில் வாங்கினோம். கூட்டத்தை வேறு டீமின் சீனியர் நடத்துகிறார். புதியவர்கள் முதல் வாரமே மூன்று பழைய அறிக்கைகளைப் படிக்கிறார்கள்; அதில் ஒன்று ஒரு டைரக்டர் எழுதியது. பலன் தந்தது பெரும்பாலும் அந்த ஒன்றுதான் என்பேன்.

குறைகளும் உண்டு. செய்ய வேண்டியவை என்று எழுதியதில் பாதி அப்படியே கிடக்கிறது. பக்கத்து டீம் அறிக்கையை யாரும் படிப்பதில்லை. ஒரே கோளாறு இரண்டு இடத்தில் வந்திருக்கிறது. அதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.

போன மாதம், சேர்ந்து நான்கு மாதமே ஆன பெண் ஒருத்தி தவறான கான்ஃபிக்கை, அதாவது சிஸ்டத்தின் அமைப்பு விவரங்களை, ஏற்றிவிட்டாள். யாரும் கேட்கும் முன்பே, சாயங்காலத்துக்குள் அறிக்கை வந்துவிட்டது. நான்கு பக்கம்.