ஹப் டைனமோ: ஏற்காடு ஏறினால் சார்ஜ் ஏறுமா?

சைக்கிள் முன்சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்புக்குள்ளேயே டைனமோ. அதிலிருந்து ஒரு ஒயர், ஹேண்டில்பார் பக்கம் ஒரு யூ.எஸ்.பி. கன்வெர்ட்டர், கடைசியில் போன். மிதித்தால் கரண்ட், பிளக் பாயின்ட் தேட வேண்டாம். நீண்ட தூர சைக்கிள் பயணத்துக்கு இந்த செட்டை வாங்கச் சொல்கிறவர்கள் சொல்வது இதைத்தான். சமதரையில் அது உண்மை. சேலத்தைத் தாண்டி அடிவாரத்தில் ரோடு தூக்க ஆரம்பித்ததும் கணக்கு மாறிவிடும்.

டயரில் உரசி 'கிர்ர்' என்று ஓடிய அந்தக் காலத்து பாட்டில் டைனமோ இல்லை இது. உள்ளே 26 அல்லது 28 காந்த முனைகள். சக்கரம் ஒரு சுற்று வந்தால் 13, 14 அலை ஏ.சி. கரண்ட் வரும். ஜப்பானின் ஷிமானோ ஹப்போ, ஜெர்மனியின் எஸ்.ஓ.என். ஹப்போ, வழக்கமான அளவு ஒன்றுதான்: 6 வோல்ட், 3 வாட். அந்த 3 வாட் கைக்கு வர மணிக்கு 15 கி.மீ. வேகமாவது வேண்டும். கன்வெர்ட்டர் அதை டி.சி. ஆக்கி 5 வோல்ட்டுக்குக் கொண்டுவரும்போது கொஞ்சம் சேதாரம். 18, 20 கி.மீ. வேகத்தில் போனுக்குப் போய்ச் சேருவது சுமார் இரண்டரை வாட்.

இப்போது மலை. அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை இருபது கொண்டை ஊசி வளைவுகள், இருபது கி.மீ.க்குக் கொஞ்சம் முன்பின், ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம். ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 100 கிலோ என்றால் சாதாரணக் கால்களுக்கு மணிக்கு 7 கி.மீ. கிடைத்தாலே நல்லது. அந்த வேகத்தில் சக்கரம் ஒரு நொடிக்கு ஒரு சுற்றுகூட முழுதாக வராது. யூ.எஸ்.பி. கன்வெர்ட்டர் விழித்துக்கொள்ளவே பெரும்பாலும் 10, 12 கி.மீ. வேகம் வேண்டும். ஆக மூன்று மணி நேர ஏற்றத்தில் போனுக்குக் கிடைப்பது பூஜ்யம். மேப்பைத் திறந்துவைத்து, வெயிலுக்காக ஸ்கிரீன் வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி, அதிகம் பேட்டரி தின்பதும் அதே மூன்று மணி நேரம்தான்.

இறக்கத்தில் வசூலாகாதா? ஆகும், ஆனால் சில்லறைதான். வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்து இறங்கினால் நாற்பது, ஐம்பது நிமிடம். வேகம் கூடும்போது நல்ல கன்வெர்ட்டர் 4, 5 வாட் கொடுக்கும். மொத்தம் மூன்று, மூன்றரை வாட்-அவர் (ஒரு வாட் ஒரு மணி நேரம் வந்தால் ஒரு வாட்-அவர்). இன்றைய 5000 எம்.ஏ.எச். போன் பேட்டரி என்பது 19 வாட்-அவர். மலை ஏறி இறங்கியதற்குக் கூலி பதினைந்து, பதினெட்டு சதவீத சார்ஜ்.

அதே செட்டை மேட்டூர் ரோட்டில் ஓட்டினால் வேறு கதை. ஐம்பது கி.மீ., இரண்டரை மணி நேரம், ஆறு வாட்-அவருக்கு மேல். போனில் மூன்றில் ஒரு பங்கு. நாள் முழுக்க எட்டு மணி நேரம் சமவெளியில் மிதித்தால் ஒரு முழு சார்ஜ். இது நியாயமான வரவு. ஆனால் 18 வாட் சார்ஜரை ஒரு கடையில் அரை மணி நேரம் சொருகினால் 9 வாட்-அவர். தட்டுவடை செட் இரண்டு தட்டு சாப்பிட்டு ஒரு டீ குடித்து எழுகிற நேரம், மூன்றரை மணி நேர டைனமோவுக்குச் சமம். நம் ஊரில் முப்பது கி.மீ.க்கு ஒரு லாட்ஜ் இருக்கிறது. பிளக் பாயின்ட்டே இல்லாத வனாந்தரத்தில் வாரக்கணக்கில் கூடாரம் போடுகிறவர்களுக்காகச் செய்த பொருளை, ஓமலூரில் டிபன் சாப்பிட்டுப் போகிறவர் சார்ஜுக்காக மட்டும் வாங்குவது வீண் செலவு. 10000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்று, கன்வெர்ஷன் சேதாரம் போக 30 வாட்-அவர் கொடுக்கும். போனுக்கு ஒன்றரை சார்ஜ். ஏற்காட்டுக்கு அதுவே மிச்சம்.

இருந்தும் டைனமோதான் வேண்டும் என்றால் போனை நேரடியாகச் சொருகாதீர்கள். வேகம் 10, 12-ஐச் சுற்றி ஆடும்போது சார்ஜ் விட்டு விட்டு வரும். ஒவ்வொரு முறையும் ஸ்கிரீன் எரிந்து, 'டிங்' என்று சத்தம் போட்டு, வந்ததைவிட அதிகம் தின்றுவிடும். நடுவே ஒரு பவர் பேங்க் வேண்டும்: டைனமோ, கன்வெர்ட்டர், பவர் பேங்க், பிறகு போன். எல்லா பவர் பேங்க்கும் இதற்கு ஒத்துவராது. சில வகை, உள்ளே கரண்ட் வந்தால் வெளியே கொடுப்பதை நிறுத்திவிடும். சில வகை, கரண்ட் போய் வந்தால் பட்டனை அழுத்தும்வரை தூங்கும். வீட்டிலேயே சோதித்துவிடலாம். பவர் பேங்க்கைச் சுவர் சார்ஜரிலும், போனை பவர் பேங்க்கிலும் சொருகுங்கள். சுவர் ஸ்விட்சைப் பத்து செகண்டுக்கு ஒரு முறை ஆஃப், ஆன் என்று பத்துத் தடவை போடுங்கள். போன் ஒரு தடவைகூட 'டிங்' சொல்லக் கூடாது. சொன்னால் அந்த பவர் பேங்க் மலைக்கு ஆகாது.

சேலத்துச் சித்திரை வெயிலுக்குத் தனியாக ஒரு வரி. லித்தியம் பேட்டரி 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏறக் கூடாது, போனே நிறுத்திக்கொள்ளும். ஹேண்டில்பாரில் வெயிலைப் பார்த்து நிற்கும் போன் அந்தச் சூட்டைத் தொட அதிக நேரம் ஆகாது. டைனமோ என்ன கொடுத்தாலும் வாங்காது. போன் பைக்குள், மேப் முன்கூட்டியே டவுன்லோட், ஏரோபிளேன் மோட். அந்த மோடில் லொக்கேஷனை ஆன் செய்துவைத்தால் ஜி.பி.எஸ். வேலை செய்யும், மலைக்குப் பின்பக்கம் சிக்னல் தேடி பேட்டரி கரைவதும் நிற்கும்.

பிறகு இந்த ஹப் எதற்கு? லைட்டுக்கு. அங்கேதான் இது கொடுத்த காசுக்கு வேலை செய்கிறது. எல்.இ.டி. லைட்டுக்கு யூ.எஸ்.பி. அளவு வேகம் தேவையில்லை. மணிக்கு 7 கி.மீ. வேகத்தில் ஏறும்போதும் மங்கலாக, லேசாகத் துடித்தபடி எரியும். 15-ஐத் தொட்டால் முழு வெளிச்சம். ஏற்காட்டு மூடுபனியில் எதிரே வரும் பஸ்ஸுக்கு வளைவில் ஒதுங்கி நிற்கும்போது, லைட்டுக்குள் கொஞ்சம் கரண்ட்டைச் சேர்த்துவைத்திருக்கும் கெபாசிட்டர் சில நிமிடம் அணையாமல் காக்கும். பின்லைட்டும் அப்படியே. சார்ஜ் போட மறந்து இருட்டில் நிற்கிற பிரச்சினையே இல்லை. ஒரே நேரத்தில் லைட்டும் சார்ஜும் வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள், 3 வாட் இரண்டுக்கும் பத்தாது. இருட்டினால் கன்வெர்ட்டர் ஆஃப். 3 வாட் வெளியே வர காலிலிருந்து ஐந்து வாட் போகிறது. 100 வாட் போட்டு மலை ஏறுகிறவருக்கு அது பெரிதாகத் தெரியாது.

பொருத்துவதில் கவனிக்க வேண்டியவை சில. ஹப்பின் துளை எண்ணிக்கை உங்கள் ரிம்மோடு ஒத்துப்போக வேண்டும்: 32-க்கு 32, 36-க்கு 36. ஹப்பின் விளிம்பு பெரிது என்பதால் பழைய போக்ஸ் கம்பி நீளம் பொருந்தாது, அளந்து புதிதாக வாங்குங்கள். டிஸ்க் பிரேக் என்றால் டிஸ்க்கைப் பிடிப்பது ஆறு போல்ட்டா, சென்டர்லாக்கா என்று முதலிலேயே பாருங்கள். ஷிமானோவில் ஒயர் முனைகளை வளைத்து பிளாஸ்டிக் மூடிக்குள் அமுக்கும் இடத்தில்தான் முக்கால்வாசித் தகராறு. செம்பு இழை ஒன்று பக்கத்து முனையைத் தொட்டாலே லைட் அவுட். ஹப்புக்கு ஒன்றும் ஆகாது, இழையை நறுக்கினால் போதும். ஷிமானோவின் இரண்டு முனைகளில் ஒன்று ஆக்சில் வழியாக ஃபிரேமோடு சேர்ந்தது. லைட்டுக்கும் கன்வெர்ட்டருக்கும் ஒயரை மாற்றிக் கொடுத்தால் ஃபிரேம் வழியே ஷார்ட் ஆகலாம். முனையில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள், மழைக்குத் துரு பிடிக்காது. பஞ்சர் என்றால் சக்கரத்தைக் கழற்றும் முன் கனெக்டரை உருவுங்கள். அவசரத்தில் அறுந்துபோகிற ஒயர் அதுதான்.

கோட்டம் எடுக்கக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். இந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் காந்தம் இழுத்துத் தடக் தடக் என்று சீக்கிரமே நின்றுவிடும். பழக்கமில்லாத மெக்கானிக் சுற்றிப் பார்த்துவிட்டு, 'பேரிங் போச்சுங்க, பிரிச்சு கிரீஸ் வைக்கணும்' என்பார். பிரிக்க விடாதீர்கள். உள்ளே இருப்பது கம்பிச் சுருள், அந்தக் கம்பி அறுந்தால் ஹப்பையே மாற்ற வேண்டியதுதான்.