மூன்று இயங்குதளங்களோடு குப்பை கொட்டியதில் தெரிந்துகொண்டவை

அலுவலகத்தில் விண்டோஸ், சொந்த வேலைக்கு லினக்ஸ், இடையில் கைக்கு வந்த ஒரு மேக் என்று மூன்றையும் ஆண்டுக்கணக்கில் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். "இதில் எது நல்லது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல இப்போதும் என்னால் முடியவில்லை. கணினி முரண்டு பிடிக்கும்போது பழியை எதன் தலையில் போடுவது என்று மட்டும் ஓரளவு தெரிந்திருக்கிறது. பிழை மென்பொருளிலா, இயங்குதளத்திலா, வன்பொருளை இயக்கும் டிரைவரிலா, இல்லை டிஸ்கே சாகக் கிடக்கிறதா? மெனுவும் பட்டனும் எங்கே இருக்கின்றன என்று பழகியதால் இந்தத் தெளிவு வரவில்லை. பாடத்தில் படிக்கும்போது கொட்டாவி வரவழைத்த அடிப்படைகள்தான் கை கொடுத்தன. அவற்றில் அன்றாடம் எவை உதவின என்பதைத்தான் எழுதுகிறேன். வேகச் சோதனை, மதிப்பெண், நட்சத்திரம் எதுவும் இதில் கிடையாது.

ரேமிலிருந்து தொடங்கலாம். பலரும் முதலில் பதறுவது இதைப் பார்த்துத்தான். பெரிதாக எதையும் திறக்காதபோதே விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் பாதி நினைவகம் போய்விட்டதாகக் காட்டும். உடனே 'ரேம் கிளீனர்' ஒன்றைத் தேடி நிறுவுவார்கள். லினக்ஸில் டெர்மினலைத் திறந்து 'ஃப்ரீ' என்ற கட்டளையைக் கொடுத்தால் விஷயம் விளங்கிவிடும். நாள் முழுக்க ஓடிய 16 ஜிபி கணினியில் 'ஃப்ரீ' என்ற பத்தியில் சில நேரம் 1 ஜிபிகூட இருக்காது. ஆனால் அதே வரியின் கடைசியில் 'அவைலபிள்' என்று இன்னொரு எண் இருக்கும். அது சாவகாசமாகப் பத்து, பதினொன்று என்று நிற்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியில் பெரும்பகுதி கேஷ். ஒரு கோப்பைப் படித்ததும் அதன் நகலைச் சும்மா கிடக்கும் ரேமில் இயங்குதளம் வைத்துக்கொள்கிறது. மறுபடி அதே கோப்பைக் கேட்டால் டிஸ்க் வரை போக வேண்டியதில்லை. வேறு மென்பொருளுக்கு இடம் வேண்டும் என்றால் நகலைத் தூக்கிப் போட்டுவிட்டு இடத்தைக் கொடுத்துவிடும். விண்டோஸும் மேக்கும் செய்வது இதையேதான். மேக் ஒரு படி மேலே போய், எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைவிட 'மெமரி பிரஷர்' என்ற வரைபடத்தைத்தான் முன்னால் காட்டுகிறது. பச்சையாக இருந்தால் கவலை வேண்டாம். மூன்றில் இதை நேர்மையாகக் காட்டுவது மேக்தான் என்பது என் எண்ணம்.

சரி, எப்போதுதான் கவலைப்பட வேண்டும்? ஸ்வாப் தொடங்கும்போது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் இயங்குதளம் தனித்தனியாக ஒரு நினைவகப் பரப்பைக் காட்டுகிறது. அதற்குள் தான் மட்டுமே இருப்பதாக மென்பொருள் நம்பிக்கொண்டிருக்கும். உண்மையான ரேம் போதாதபோது, அதிகம் தொடாத பகுதிகளை இயங்குதளம் டிஸ்குக்குத் தள்ளிவிடும். விண்டோஸில் பேஜ் ஃபைல், லினக்ஸில் ஸ்வாப். சிபியூ பெரிதாக வேலை செய்யாமல் இருக்க, டிஸ்க் மட்டும் விடாமல் ஓடிக்கொண்டிருந்தால், உலாவியில் தாவல் மாற்றவே சில நொடி ஆனால், அநேகமாக இதுதான் நடக்கிறது. எஸ்எஸ்டி வந்த பிறகு இந்த வலி பாதி மறைந்துவிட்டது. பழைய ஹார்ட் டிஸ்கில் ஸ்வாப் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கரகர சத்தம் இன்னும் காதில் இருக்கும். ரேம் கிளீனர்கள் செய்வது என்னவென்றால், பயனுள்ள நகல்களையும் சேர்த்து விரட்டிவிட்டு எண்ணை மட்டும் அழகாகக் காட்டுவது. அடுத்த நிமிடமே எல்லாவற்றையும் டிஸ்கிலிருந்து மறுபடி இழுக்க வேண்டியிருக்கும். எனக்குத் தெரிந்து அவற்றால் உருப்படியாக எதுவும் நடந்ததில்லை.

அடுத்தது கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. ஒரு மென்பொருள் தொங்கினால் அதை மட்டும் மூடிவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம் என்பது இன்றைக்கு நமக்குச் சாதாரணம். எப்போதும் அப்படி இருந்ததில்லை. விண்டோஸ் 3.1 காலத்திலும், 2001இல் மேக் ஓஎஸ் எக்ஸ் வரும்வரை மேக்கிலும், மென்பொருளாகப் பார்த்து சிபியூவை விட்டுக்கொடுத்தால்தான் அடுத்ததற்கு முறை வரும். ஒன்று அடம்பிடித்தால் மொத்தமும் போச்சு. இப்போது சிபியூ யாரிடம் எத்தனை மில்லிநொடி இருக்க வேண்டும் என்பதைக் கர்னல் தீர்மானிக்கிறது. நேரம் முடிந்ததும் பிடுங்கி அடுத்ததிடம் கொடுக்கிறது. சிபியூ 100 சதவீதம் ஓடும்போதும் மவுஸ் நகர்வது இதனால்தான்.

நாம் பயன்படுத்தும் மென்பொருள்கள் வன்பொருளை நேரடியாகத் தொட முடியாது. கோப்பைத் திற, திரையில் வரை, இணையத்தில் அனுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் கர்னலிடம்தான் கேட்க வேண்டும். ஆகவே உலாவி செத்தால் உலாவியோடு போகும். டிரைவர்கள் கதை வேறு. அவற்றில் பல கர்னலுக்குள்ளேயே, கர்னலுக்கு உள்ள அத்தனை அதிகாரத்தோடும் ஓடுகின்றன. அங்கே ஒரு பிழை வந்தால் மேற்கொண்டு எதை நம்புவது என்று கர்னலுக்கே தெரியாது. தரவைக் கெடுத்துவிடுவதைவிட நின்றுவிடுவது மேல் என்று நிறுத்திவிடும். விண்டோஸின் நீலத் திரையும் லினக்ஸின் கர்னல் பேனிக்கும் இதுதான். 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் திணறியது நினைவிருக்கும். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் டிரைவர், தனக்கு வந்த தவறான புதுப்பிப்புக் கோப்பைப் படிக்கப்போய்த் தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் கை வைத்தது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்துவிட்டன. சரிசெய்த விதத்தைப் பாருங்கள்: பல இடங்களில் ஆட்கள் ஒவ்வொரு கணினியாகப் போய், சேஃப் மோடில் ஏற்றி, அந்த ஒரு கோப்பை அழித்தார்கள். சேஃப் மோடு என்றால் அத்தியாவசிய டிரைவர்களை மட்டும் ஏற்றுவது என்று தெரிந்தால் அது ஏன் வேலை செய்தது என்பதும் விளங்கிவிடும். நீலத் திரை அடிக்கடி வந்தால் நான் முதலில் பார்ப்பது அண்மையில் எந்த டிரைவர் மாறியது என்பதைத்தான். அடுத்து ரேம் சோதனை. இயங்குதளத்தை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதெல்லாம் கடைசி.

'ஷட் டவுன்' பற்றி ஒரு சிறு விஷயம். நிறையப் பேருக்கு இது புதிதாக இருக்கும். விண்டோஸ் 8இலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் நம் மென்பொருள்களை மூடிவிட்டு, கர்னலின் நிலையை டிஸ்கில் எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அதையே எடுத்துப் போட்டு எழுந்துவிடும். அதாவது கர்னலும் டிரைவர்களும் முழுசாக அணைந்து எழவே இல்லை. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியூவைச் சொடுக்கினால் 'அப் டைம்' இருக்கும். தினமும் ராத்திரி அணைக்கும் கணினியில்கூட அது பல நாள் காட்டுவது இதனால்தான். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். "அணைத்துப் போட்டும் சரியாகவில்லை" என்று யாராவது சொன்னால், "ரீஸ்டார்ட் கொடுத்தீர்களா?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். ஒரே கணினியில் லினக்ஸையும் வைத்திருப்பவர்கள் இந்த வசதியை நிறுத்திவிடுவது நல்லது. அரைத்தூக்கத்தில் இருக்கும் விண்டோஸின் டிஸ்க் பகுதியை லினக்ஸ் பக்கம் திறந்தால், படிக்கலாம், எழுத முடியாது என்று நின்றுவிடும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவை கோப்பு முறைகள்தான், அதாவது டிஸ்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் விதம். மூன்றுக்கும் உண்மையான குண வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. விண்டோஸில் ஒரு ஆவணம் வேர்டில் திறந்திருக்கும்போது அழிக்கப் போனால், 'வேறொரு மென்பொருள் பயன்படுத்துகிறது' என்று மறுத்துவிடும். லினக்ஸில் அழியென்றால் அழிந்துவிடும். ஆனால் அழிவது பெயர் மட்டும். கோப்பைத் திறந்து வைத்திருக்கும் மென்பொருள் அதை மூடும்வரை தரவு டிஸ்கிலேயே இருக்கும். பல ஜிபிக்கு வளர்ந்த பதிவுக் கோப்பை அழித்தும் இடம் திரும்பக் கிடைக்காத மர்மம் இப்படித்தான் வருகிறது. மொத்த டிஸ்கின் நிலையைக் காட்டும் 'டிஎஃப்' கட்டளை டிஸ்க் நிரம்பியிருப்பதாகச் சொல்லும், கோப்புகளின் அளவைக் கூட்டிக் காட்டும் 'டியூ' கட்டளை அவ்வளவு கோப்புகளே இல்லை என்று சாதிக்கும். இரண்டும் சொல்வது உண்மைதான். அந்தப் பதிவுக் கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும் பின்னணி மென்பொருளை ரீஸ்டார்ட் செய்தால் இடம் வந்துவிடும்.

விண்டோஸ் ஏன் புதுப்பிப்புக்கெல்லாம் ரீஸ்டார்ட் கேட்கிறது என்பதற்கும் பெருமளவு விடை இதே இடத்தில்தான் இருக்கிறது. பயன்பாட்டில் உள்ள கோப்பை மாற்ற முடியாது, எனவே எல்லாம் மூடியிருக்கும் நேரத்தில்தான் மாற்ற வேண்டும். லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றிவிடும். அதனால் லினக்ஸ்காரர்கள் பெருமை அடித்துக்கொள்வது உண்டு. ஆனால் ஏற்கெனவே ஓடும் மென்பொருள் பெயர் அழிக்கப்பட்ட பழைய கோப்பையேதான் பிடித்துக்கொண்டிருக்கும். பாதுகாப்பு ஓட்டை அடைக்கப்பட்டுவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, நடப்பில் இருப்பது ஓட்டையுள்ள பழைய பிரதியாக இருக்கும். கர்னல் மாறினால் அங்கேயும் வழக்கமாக ரீஸ்டார்ட்தான். ஆக, ஒன்று தொந்தரவு செய்து உறுதியாகச் செய்கிறது. இன்னொன்று தொந்தரவு செய்யாமல் பொறுப்பை நம்மிடம் விடுகிறது. தன் வேலையை மட்டும் பார்க்க நினைப்பவருக்கு விண்டோஸின் வழி மேல் என்று இப்போது தோன்றுகிறது. லினக்ஸ் பக்கம் நிற்கும் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள், பரவாயில்லை.

கோப்புப் பெயரிலும் தகராறு உண்டு. லினக்ஸில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒன்று, சிறிய எழுத்தில் ஒன்று என்று ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் ஒரே கோப்புறையில் இருக்கலாம். விண்டோஸும் மேக்கும் இயல்பாக அதற்கு விடாது. தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, நமக்குப் பெரிய எழுத்து சிறிய எழுத்து கிடையாது. ஆனால் நமக்கென்று தனியாக ஒன்று காத்திருக்கிறது. 'கொள்முதல்' என்ற பெயரில் உள்ள 'கொ'வை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பு ஒரு குறியீடு, கால் ஒரு குறியீடு என்று பிரித்தும் வைக்கலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. மேக்கின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ் எல்லாப் பெயர்களையும் பிரித்துத்தான் சேமிக்கும். லினக்ஸின் இஎக்ஸ்டி4 இயல்பாகக் கொடுத்த பைட்டுகளை அப்படியே வைத்துக்கொள்ளும். அங்கிருந்து இங்கே நகலெடுத்த கோப்பைத் தேடினால், கண்ணெதிரே கோப்பு இருக்கும், தேடல் 'இல்லை' என்று சொல்லும். ஒரே கோப்புறையில் அச்சு அசலாக ஒரே பெயரோடு இரண்டு 'கொள்முதல்' உட்கார்ந்திருப்பதையும் பார்க்கலாம்! கொ, கோ, கௌ மூன்று வரிசைக்கும் இது பொருந்தும். இரண்டு கணினிகளுக்கு இடையே தமிழ்க் கோப்புகளை ஒத்திசைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பென் டிரைவில் இடம் இருந்தும் பெரிய வீடியோ ஏறவில்லை என்றால் அது எஃப்ஏடி32 என்ற பழைய கோப்பு முறை. ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொடவே முடியாது. எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்துவிட்டால் மூன்றிலும் திறக்கும். 'கான்' (CON) என்று ஆங்கிலத்தில் மூன்றெழுத்துப் பெயர் வைத்து விண்டோஸில் கோப்புறை உருவாக்கப் பாருங்கள், மறுக்கும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் கீபோர்டுக்கும் திரைக்கும் ஒதுக்கிய பெயர் அது; இன்னமும் விடவில்லை. பழைய மென்பொருளைக் கைவிடாத விண்டோஸின் குணத்துக்கு விலை இதுபோன்ற மிச்சங்கள். எனக்கு அதில் ஒரு மரியாதைகூட உண்டு.

அனுமதிகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விண்டோஸ் விஸ்டாவோடு வந்த 'அனுமதிக்கலாமா?' பெட்டியும், லினக்ஸிலும் மேக்கிலும் உள்ள 'சூடோ' கட்டளையும் கேட்பது ஒன்றுதான்: இந்த மென்பொருள் கணினி முழுவதையும் மாற்றலாமா? படம் பார்க்கும் மென்பொருள் இதைக் கேட்டால் ஏன் என்று யோசியுங்கள். அவ்வளவுதான்.

ஆயுள் விஷயத்துக்கு வருவோம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற வன்பொருள் பாதுகாப்பு வசதி வேண்டும் என்பதால், நன்றாக ஓடும் பல கணினிகள் நடுவழியில் நிற்கின்றன. பழைய மேக்குகளுக்கும் ஒரு கட்டத்தில் புதிய பதிப்பு வராமல் நின்றுபோகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் உபுண்டு லினக்ஸின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புக்கு 5 ஆண்டு ஆதரவு உண்டு, அது முடிந்தால் அதே கணினியில் அடுத்ததைப் போட்டுக்கொள்ளலாம். பழைய கணினிக்கு என் பரிந்துரை லினக்ஸ்தான். உடனே நிறுவிவிட வேண்டாம். பென் டிரைவிலிருந்து, நிறுவாமலே லைவாக ஓட்டி, வைஃபை, ஒலி, பிரின்டர் மூன்றையும் சோதியுங்கள். பெரும்பாலான டிரைவர்கள் கர்னலோடே வந்துவிடுவதால் தனியாக எதையும் தேட வேண்டியிருக்காது. அப்புறம் லேப்டாப்பை மூடித் தூங்கப் போட்டு, சிறிது நேரம் கழித்துத் திறந்து பாருங்கள். திரை கறுப்பாகவே நின்றால் வேறொரு கர்னல் பதிப்பு உள்ள இன்னொரு லினக்ஸை அதே பென் டிரைவில் போட்டு முயன்று பார்க்கலாம். சில நேரம் அதிலேயே சரியாகிவிடுகிறது.