டியூபுலரா, லித்தியமா: சோலார் வீட்டுக்கு எந்த பேட்டரி?

பேட்டரி தினமும் இரவில் உழைக்கவேண்டும் என்றால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வாங்குங்கள். மாதத்தில் நாலைந்து முறை கரண்ட் போகும்போது மட்டும் கைகொடுத்தால் போதும் என்றால் டியூபுலர் லெட்-ஆசிட் இன்றைக்கும் நல்ல பேட்டரிதான். பணம் வீணாவது, இரண்டாவது வேலைக்கான பேட்டரியை வாங்கி முதல் வேலையைச் செய்யச் சொல்லும் வீடுகளில்.

பேட்டரியே தேவையா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு நெட் மீட்டர் கிடைக்கிறது. பகலில் மிஞ்சும் யூனிட் வாரியத்துக்குப் போய் பில்லில் கழிகிறது. கரண்டே போகாத தெருவில் பேட்டரியால் மிச்சப்படுவது அதிகமில்லை. ஆனால் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் (கிரிட் எனும் வாரிய லைனோடு இணைந்து மட்டுமே ஓடுவது), லைனில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக, கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். உச்சி வெயிலில் மாடி நிறைய பேனல் இருந்தும் வீட்டில் ஃபேன் சுற்றாது. அதைத் தாங்க முடியாதவர்களுக்குத்தான், பேட்டரியிலும் ஓடக்கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும். பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் கிடைக்கும் 78,000 ரூபாய் மானியம் பேனல் அளவைப் பார்த்துத் தருவது. பேட்டரிக்கென்று தனியாக எதுவும் சேராது, அது முழுக்க உங்கள் கைக்காசு.

ஒரு சராசரி வீட்டின் இரவுக் கணக்கைப் பார்க்கலாம். 75 வாட் ஃபேன் மூன்று, எட்டு மணி நேரம் ஓடினால் 1.8 யூனிட். ஃபிரிட்ஜுக்கு அரை யூனிட், விளக்கு, டி.வி., வைஃபைக்கு இன்னொரு அரை யூனிட் சொச்சம். இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் 3.2 யூனிட் வரும். (ஃபேன்களை 30 வாட் பி.எல்.டி.சி.க்கு மாற்றினால் இதில் ஒரு யூனிட்டுக்கு மேல் குறைந்துவிடும். பேட்டரி விலை விசாரிக்கும் முன் செய்யவேண்டிய வேலை அது.) இந்த 3.2 யூனிட்டுக்கு டியூபுலரில் 12 வோல்ட் 150 ஏ.எச். (ஆம்பியர்-ஹவர், பேட்டரி தேக்கும் அளவு) பேட்டரி நான்கு வேண்டும். மொத்தக் கொள்ளளவு 7.2 யூனிட், ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும் என்பதால் பயன்படுவது 3.6. லித்தியத்தில் 51.2 வோல்ட் 100 ஏ.எச். பெட்டி ஒன்று போதும். 5.12 யூனிட்டில் 80 சதவீதம் எடுத்தாலே 4.1 வந்துவிடும். நான்கு டியூபுலர் சேர்ந்தால் 200 கிலோவைத் தாண்டும், லித்தியம் பெட்டி சுமார் 50 கிலோ. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலை ஒன்றுக்கு உண்டு, மற்றதற்கு இல்லை. இதெல்லாம் எல்லாரும் அறிந்ததுதான்.

முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று: பேட்டரி தினமும் முழுதாக நிறைகிறதா?

டியூபுலர் பேட்டரி உழைப்பால் சாவதைவிட அரைவயிற்றுப் பட்டினியால் சாவதே அதிகம். பேட்டரி இறங்கும்போது தகடுகளில் ஈய சல்பேட் படியும். உடனே முழுதாக நிரப்பினால் அது கரைந்துவிடும். நாள்கணக்கில் முக்கால் அளவிலேயே நின்றால் படிவு கெட்டிப்பட்டுக் கல்லாகிறது. அந்தப் பகுதித் தகடு பிறகு வேலைக்கு உதவாது. டியூபுலர் பேட்டரிகள் உயரமானவை என்பதால் இன்னொரு கேடும் சேர்கிறது: அடர்ந்த ஆசிட் அடியில் தங்கி, மேலே நீர்த்த ஆசிட் நிற்கும். நன்றாகக் குமிழி விடும் அளவுக்கு சார்ஜ் ஏறினால்தான் இரண்டும் கலக்கும்.

இனி வெயில் கணக்கு. 150 ஏ.எச். டியூபுலருக்கு உகந்த சார்ஜ் 15 ஆம்ப், அதாவது கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு. பாதி காலியான பேட்டரி 80 சதவீதத்தைத் தொட மூன்று, மூன்றரை மணி நேரம். அதன்பின் 12 வோல்ட் பேட்டரி ஒன்றுக்கு 14.4 வோல்ட்டில் நிறுத்திவைத்து, கரண்ட் மெல்லக் குறையக் குறையக் கடைசி 20 சதவீதம் ஏற இன்னும் நாலு மணி நேரம். ஆக ஏழெட்டு மணி நேரம். நல்ல வெயில் நாளிலேயே பேனல் தெம்பாகக் கொடுப்பது காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரைதான். நடுவில் ஒரு மேகம் மறைத்தால் இன்வெர்ட்டர் வீட்டு லோடை பேட்டரியில் போட்டுவிடும், நிறைந்துகொண்டிருந்தது மறுபடி இறங்கத் தொடங்கும். சார்ஜ் கரண்டை ஏற்றி அவசரப்படுத்தினால் சூடும் கேஸும் கூடும், தண்ணீர் வேகமாக வற்றும்.

சித்திரை வெயிலில் இதைச் சமாளித்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் முடியாது. வடகிழக்குப் பருவமழையில் ஐந்தாறு நாள் தொடர்ந்து மூடாப்பு இருந்தால் பேட்டரி ஒருநாளும் நிறையாது, ஆனால் இரவுதோறும் இறங்கும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டா கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. கிரிட்டிலிருந்து நிரப்பிக்கொள்ள வழியில்லாத அப்படியொரு வாரம், டியூபுலரின் ஆயுளில் ஒரு பெரும் துண்டை வெட்டிவிடும்.

இதில் ஏமாற்றும் அறிகுறி ஒன்று உண்டு. சல்பேட் படிந்த பேட்டரியின் வோல்டேஜ் சீக்கிரம் ஏறும். வோல்டேஜை மட்டும் பார்க்கும் இன்வெர்ட்டர் பதினோரு மணிக்கே ‘ஃபுல்’ என்று பச்சை விளக்கு காட்டும். வேகமாக நிறைகிறதே என்று மகிழவேண்டாம், கொள்ளளவு சுருங்கியதால் வந்த வேகம் அது. உண்மையைச் சொல்வது ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர். மாலையில், சார்ஜ் முடிந்து ஒரு மணி நேரம் விட்டு எடுத்தால் பேட்டரியின் எல்லா அறையிலும் (செல்லிலும்) 1.240 பக்கம் காட்டவேண்டும். எல்லாமே 1.200-இல் நின்றால் சார்ஜ் போதவில்லை. ஒரே அறை மட்டும் மற்றவற்றைவிட 0.030 கீழே இருந்தால் அந்த அறை போய்விட்டது. தொடரில் இருக்கும் மற்ற மூன்று பேட்டரிகளையும் அது இழுத்துக்கொண்டு போகும். பழைய மூன்றோடு புதியது ஒன்றைச் சேர்த்தாலும் சில மாதங்களில் அதுவும் அந்த நிலைக்கே வரும்.

லித்தியத்துக்கு இந்தப் பட்டினி நோய் கிடையாது. 60 சதவீதத்தில் ஒரு வாரம் நின்றாலும் கேடில்லை, சொல்லப்போனால் அதற்கு அது பிடிக்கும். 30 ஆம்ப் கொடுத்தால் நாலு யூனிட்டை மூன்று மணி நேரத்துக்குள் வாங்கிக்கொள்ளும். பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவில் கிடைத்த வெயிலே போதும், மாலை மேகம் பொருட்டில்லை. போட்டதில் திரும்பக் கிடைப்பதும் அதிகம்: டியூபுலரில் 80 சதவீதம் அளவுக்கு, லித்தியத்தில் 90-க்கு மேல். கார்த்திகை மாதத்தில், பேனல் கொடுப்பதே குறைவாக இருக்கும்போது, அந்த வித்தியாசம் ஒரு ஃபேன் விடியும்வரை ஓடுவதா நிற்பதா என்பதைத் தீர்மானிக்கும்.

அதற்காக லித்தியத்தை வாங்கி மாட்டிவிட்டு மறந்துவிட முடியாது. அதிகம் நடக்கும் தவறு, இன்வெர்ட்டரை டியூபுலர் செட்டிங்கிலேயே விட்டுவிடுவது. ஈக்குவலைசேஷன் (லெட்-ஆசிட் அறைகளைச் சமமாக்க வோல்டேஜை ஏற்றி சார்ஜ் செய்வது) கட்டாயம் அணைக்கப்படவேண்டும். 16 செல் பெட்டிக்கு உச்ச எல்லை 58.4 வோல்ட் (செல்லுக்கு 3.65). அங்கே வைத்தால் ஏதோ ஒரு செல் முந்திக்கொண்டு எல்லையைத் தொடும், பி.எம்.எஸ். (பெட்டிக்குள் செல்களைக் காக்கும் மின்னணுப் பலகை) பட்டென்று துண்டிக்கும். 56 முதல் 56.8 வோல்ட்டில் சார்ஜை நிறுத்துங்கள், ஃப்ளோட் (நிறைந்தபின் தாங்கிப்பிடிக்கும் வோல்டேஜ்) 54 போதும். 51 பக்கம் இறங்கியதும் கிரிட்டுக்கு மாறும்படியும், 48-இல் முழுதாகத் துண்டிக்கும்படியும் வையுங்கள். லித்தியத்தின் வோல்டேஜ் நடுவில் தட்டையாக நிற்பதால் அதை வைத்து எவ்வளவு மிச்சம் என்று சொல்லமுடியாது. பி.எம்.எஸ். கணக்கை இன்வெர்ட்டர் படிக்க கம்யூனிகேஷன் கேபிள் வேண்டும். ஆர்.ஜே.45 முனை பொருந்திவிட்டது என்பதற்காகச் சாதாரண லேன் கேபிள் வேலை செய்துவிடாது. கம்பெனிக்குக் கம்பெனி பின் வரிசை மாறும். மாதம் ஒருமுறையாவது 100 சதவீதம் ஏறவிட்டால் செல்கள் சமமாகும், கணக்கும் நேராகும்.

போர்வெல் மோட்டாரை பேட்டரி லைனில் போடாதீர்கள். 1 ஹெச்.பி. மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்டைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், 100 ஆம்ப் பி.எம்.எஸ். நின்றுவிடும். டியூபுலர் அந்த ஒரு நொடி இழுப்பை முனகிக்கொண்டே தாங்கும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் டி.சி.க்கென்று மதிப்பிட்ட பிரேக்கரோ ஃபியூஸோ போடவேண்டும். வீட்டு ஏ.சி. எம்.சி.பி.யால் டி.சி. தீப்பொறியை அணைக்க முடியாது. 3 கிலோவாட்டை 24 வோல்ட்டில் எடுத்தால் 125 ஆம்புக்கு மேல், 48-இல் அதில் பாதி. கேபிள் சூட்டைக் குறைக்க 48 வோல்ட்டே நல்லது.

வைக்கும் இடத்தில் இரண்டுக்கும் ஒரே எதிரி, வெப்பம். லெட்-ஆசிட்டுக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். லித்தியமும் சூட்டில் சீக்கிரம் மூப்படையும். மொட்டை மாடியில் தகரக் கொட்டகை எதற்குமே ஆகாது. கீழ்த்தளத்தில் நிழலான சுவர் சரி, ஆனால் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் தண்ணீர் புகுந்த பகுதி மாதிரி என்றால் நாலடி உயரத்துக்கு மேல் சுவரில் மாட்டுங்கள். 50 கிலோ பெட்டிக்கு அது முடியும், 200 கிலோ டியூபுலருக்கு முடியாது. டியூபுலர் ஹைட்ரஜன் விடும் என்பதால் மாடிப்படிக்கு அடியில் கதவு சாத்திய அலமாரியும் கூடாது.

விலையில் டியூபுலர்தான் முந்துகிறது. நான்கு சேர்த்து 60,000 ரூபாயை ஒட்டி வரும், லித்தியம் ஒரு லட்சத்தை ஒட்டி. தினமும் பாதி இறக்கினால் டியூபுலர் மூன்று முதல் ஐந்து வருடம். பழையதை எக்ஸ்சேஞ்சில் போட்டால் ஈயத்துக்காகக் கொஞ்சம் பணம் திரும்பும், லித்தியத்துக்கு அப்படியொரு சந்தை இன்னும் உருவாகவில்லை. லித்தியப் பெட்டியில் எழுதியிருக்கும் 4,000, 6,000 சுழற்சி என்பது ஆய்வகக் கணக்கு. நம் வெயிலில் பத்து வருடம் முழுதாக ஓடிய வீட்டு லித்தியம் இன்னும் அரிது. எட்டு வருடம் என்று வைத்துக் கணக்குப் போட்டாலே இரண்டு செட் டியூபுலரைவிட மலிவாக முடிகிறது.

ரிப்பேர்தான் லித்தியத்தின் உண்மையான பலவீனம். டியூபுலரைத் தாலுகா ஊர் பேட்டரி கடையிலேயே பார்த்துவிடுவார்கள். பி.எம்.எஸ். பழுதானால் முழுப் பெட்டியும் ஊமையாகிவிடும், கம்பெனி ஆள் வரவேண்டும். வாங்கும் முன் உங்கள் மாவட்டத்தில் சர்வீஸ் உண்டா, வாரண்ட்டி முடிவில் எத்தனை சதவீதக் கொள்ளளவுக்கு உறுதி தருகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பெயர் தெரியாத பெட்டி மிக மலிவாகக் கிடைத்தால், பழைய மின்வண்டியில் கழற்றிய செல்லாக இருக்கலாம்.

ஏற்கெனவே டியூபுலர் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கி எறியவேண்டியதில்லை. ஐப்பசி பிறக்கும் முன் இன்வெர்ட்டர் வீட்டுக்குக் கரண்ட் எடுக்கும் வரிசையை சோலார்-பேட்டரி-கிரிட் என்பதிலிருந்து சோலார்-கிரிட்-பேட்டரி என்று மாற்றி, கிரிட்டிலிருந்து பேட்டரிக்கு சார்ஜ் ஏறுவதையும் திறந்துவிடுங்கள். மாதம் ஒருமுறை ஈக்குவலைசேஷன் ஓட்டுங்கள். டிஸ்டில்டு வாட்டரை சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுங்கள், தகடு வெளியே தெரிந்தால் மட்டும் முன்னாலேயே மூடும் அளவுக்கு. ஆர்.ஓ. தண்ணீரும் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரும் வேண்டாம், இரண்டிலும் தகட்டைக் கெடுக்கும் உப்போ உலோகமோ கலந்திருக்கும். மார்கழி முடிந்து வெயில் திரும்பியதும் பழைய வரிசைக்கு மாற்றிக்கொள்ளலாம்.