ஜாகுவார் ஈ-டைப்: ஏலத்தில் எடுத்து, வருடக்கணக்கில் ஓட்டினால் தெரியவருவது

1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் ஜாகுவார் தன் ஈ-டைப் ஸ்போர்ட்ஸ் காரை அறிமுகப்படுத்தியபோது பிரிட்டனில் அதன் விலை ஏறத்தாழ 2,100 பவுண்டு. இன்று முதல் சீரீஸ் வண்டி ஒன்றை நல்ல நிலையில் ஏலத்தில் எடுக்க அதைப்போலப் பல பத்து மடங்கு கொடுக்க வேண்டும். அவ்வளவு பணத்தை எதற்காகக் கொடுக்கிறோம் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பெயின்ட் பளபளப்பையும் இன்ஜின் சத்தத்தையும் நம்பிக் கை தூக்குகிறார்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாவற்றுக்கும் உதிரி பாகம் கிடைக்கிறது, என்ன செலவாகும் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். துருப்பிடித்த உடலுக்கும் தொலைந்த ஆவணத்துக்கும் அப்படி ஒரு கணக்கே கிடையாது. ஏலத்தில் விலை கேட்க வேண்டியது தகட்டுக்கும் தாளுக்கும்தான்.

எந்த வண்டி?

மூன்று சீரீஸும் சேர்த்து 72,000-க்கு மேல் கட்டப்பட்டிருப்பதால் ஈ-டைப் என்ற பெயர் மட்டும் ஒரு வண்டியை அரிதாக்கிவிடாது. 1961-ல் வெளிவந்த முதல் 500 சொச்சம் வண்டிகளில் பானெட் பூட்டு வெளிப்பக்கம் இருந்தது. ‘டி’ வடிவச் சாவி போட்டுத்தான் திறக்க முடியும். 1962 தொடக்கம் வரை வந்தவற்றில் கால் வைக்கும் தரை பள்ளமில்லாமல் தட்டையாக இருக்கும். சேகரிப்பாளர்கள் துரத்துவது இந்த இரண்டையும்தான். ஆனால் உயரமானவர்கள் தட்டைத்தரை வண்டியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

ஓட்டுவதற்கென்றால் 1964 அக்டோபரில் வந்த 4.2 லிட்டர் வண்டியைத்தான் தயங்காமல் சொல்வோம். அதற்கு முந்தைய 3.8 லிட்டர் வண்டியில் இருக்கும் மாஸ் கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) இல்லை. மற்ற கியர்களும் அவசரப்படுத்தினால் கரகரக்கும். 4.2-ல் எல்லா முன் கியருக்கும் சிங்க்ரோ உண்டு, பிரேக் பூஸ்டர் மேம்பட்டது, இருக்கை முதுகைத் தாங்கும், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர். பவர் இரண்டுக்கும் ஒன்றேதான்: அறிவிக்கப்பட்ட 265 குதிரைத்திறன். 3.8 இன்னும் சுறுசுறுப்பாகச் சுற்றும் என்பார்கள், அது உண்மைதான். தினசரி நெரிசலில் அந்தச் சுறுசுறுப்பால் பயனில்லை.

தாள்

ஜாகுவார் டைம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்ட் தரும் தயாரிப்புப் பதிவுச் சான்றிதழை ஏலத்துக்கு முன்பே கேட்டு வாங்கிப் படியுங்கள். சேஸிஸ், இன்ஜின், கியர்பாக்ஸ், பாடி ஆகிய நான்கு எண்களும், முதல் நிறமும், எந்த டீலருக்கு அனுப்பப்பட்டது என்பதும் அதில் இருக்கும். பிறகு வண்டியில் அந்த எண்களைத் தேடுங்கள். இன்ஜின் எண் பிளாக்கில் ஆயில் ஃபில்டருக்கு மேலேயும், சிலிண்டர் ஹெட்டின் முன்பக்கத்திலும் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். சேஸிஸ் எண் தகட்டில் மட்டுமல்ல, முன் சட்டத்தின் (இன்ஜினைத் தாங்கும் குழாய்ச் சட்டகத்தின்) வலது மேல்பகுதியில் குழாயிலேயே அடிக்கப்பட்டிருக்கும். அந்தச் சட்டம் மாற்றப்பட்டிருந்தால் எண் புதிதாக அடிக்கப்பட்டதாகத்தான் இருக்கும். அது மோசடி என்று அர்த்தமில்லை; ஆனால் யார் மாற்றினார்கள், எப்போது, பில் எங்கே என்று கேட்க வேண்டும்.

எண்ணின் தொடக்கமே நிறையச் சொல்லும். 3.8 திறந்த வண்டியில் 850 என்று தொடங்கினால் பிறவியிலேயே வலது ஸ்டீயரிங், 875 என்றால் இடது. கூபேக்கு (நிலையான கூரை உள்ள வண்டிக்கு) 860-ம் 885-ம். 875-ல் தொடங்கும் வண்டியில் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருந்தால் அது பெரும்பாலும் அமெரிக்கா போய்த் திரும்பி, பிரிட்டனில் மாற்றப்பட்டது. ஓட்டுவதற்கு அதனால் குறையொன்றும் இல்லை, ஆனால் பிரிட்டிஷ் வாங்குபவர்களிடையே மதிப்பு குறையும். அதற்கேற்பக் கேளுங்கள்.

பிரிட்டனில் பதிவான வண்டி என்றால் பதிவெண்ணை அரசு இணையதளத்தில் போட்டால் 2005-லிருந்து நடந்த எம்ஓடி எனும் ஆண்டுத் தகுதிச் சோதனைகள் வரிசையாக வரும். ஓடிய மைல், தோற்ற காரணம் எல்லாம் அதில் இருக்கும். ‘சில் பகுதியில் அரிப்பு’ (கதவுக்கடியில் ஓடும் பெட்டிதான் சில்) என்று ஒரு வருடமும், மறு வருடம் சத்தமில்லாமல் தேர்ச்சியும் இருந்தால், நடுவில் நடந்த வெல்டிங் வேலையின் புகைப்படத்தைக் கேளுங்கள். வி5சி பதிவுப் புத்தகம் உரிமைச் சான்று அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

பணக் கணக்கு

சுத்தியல் விழும் விலை, அதாவது கடைசிக் கேட்பு, உங்கள் விலை அல்ல. உதாரணமாக, 1,00,000 பவுண்டுக்கு விழுந்தால், வாங்குபவர் கட்டணம் 15 சதவீதம் என்றால் 15,000, அந்தக் கட்டணத்தின் மீது 20 சதவீத வாட் 3,000, ஆக 1,18,000. வண்டி வெளிநாட்டிலிருந்து தற்காலிக அனுமதியில் வந்திருந்தால் கேட்லாக்கில் அந்த லாட்டுக்கு ஒரு குறியீடு போட்டிருப்பார்கள். அதற்கு இறக்குமதி வாட் 5 சதவீதம் தனி. கட்டண விகிதம் ஏல நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், இணையவழிக் கேட்புக்குத் தனிக் கட்டணமும் இருக்கலாம். அதனால் மொத்தத் தொகையை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து பின்னோக்கிக் கழித்துச் சுத்தியல் விலைக்கு வாருங்கள். அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போய் அதற்கு மேல் கை தூக்காமல் இருப்பது முக்கியம். விற்பனை இருந்தது இருந்தபடியே. மறுநாள் டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) ஊளையிட்டாலும் திருப்பித் தர முடியாது.

பார்வை நாளில்

ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள், லிஃப்டும் இருக்காது. டார்ச், சிறு கண்ணாடி, மெல்லிய துணி சுற்றிய காந்தம் போதும். கதவுக்கடியில் ஓடும் சில் பெட்டி, தரைத் தகடு, பின் சக்கரத்துக்கு முன்னால் ரேடியஸ் ஆர்ம் (பின் சஸ்பென்ஷனை உடலோடு இணைக்கும் கை) பிடிக்கும் இடம், டிக்கித் தரை ஆகிய நான்கும்தான் முதலில். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று பொருள். ரேடியஸ் ஆர்ம் இடத்தில் சுத்தியலால் தட்ட அனுமதி கிடைக்காது. விரலால் அழுத்திப் பாருங்கள், கண்ணாடியை அடியில் நீட்டி வெல்டிங் கோட்டைப் பாருங்கள். தொழிற்சாலையின் புள்ளி வெல்டிங் சீரான குழிகளாக இருக்கும். நீளமாக ஓடும் வெல்டிங் கோடும், அதன்மேல் தடித்த கருப்பு அண்டர்சீலும் (அடிப்பக்கத் துருத் தடுப்புப் பூச்சு) இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பிறகு பானெட்டைத் தூக்குங்கள். இன்ஜினைத் தாங்குவது சதுரக் குழாய்களால் ஆன முன் சட்டம். இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தடுப்பான பல்க்ஹெட்டில் போல்ட் போட்டு மாட்டியது. குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியில் தெரியாது. பேட்டரி வைக்கும் தட்டுக்குக் கீழே செல்லும் குழாயைக் குறிப்பாகப் பாருங்கள், பல வருடம் ஆசிட் சொட்டியிருக்கும். சட்டத்தில் வெல்டிங் ஒட்டு தெரிந்தால் மாற்றும் செலவை உங்கள் கணக்கில் சேர்த்துவிடுங்கள், ஒட்டுப்போட்ட சட்டம் நம்பகமானதல்ல. பானெட்டுக்கும் கதவுக்கும் இடையே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இல்லையென்றால், சட்டம் வளைந்தது அல்லது சில் மாற்றும்போது உடலைத் தாங்காமல் வெட்டியிருக்கிறார்கள். பின்னது சரிசெய்ய முழு உடலையும் பிரிக்க வேண்டும். அந்த வேலை இன்று ஆறு இலக்கப் பவுண்டைத் தொட்டுவிடுகிறது.

இன்ஜின் ஸ்டார்ட் செய்வதற்கு முன் கையை வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் தெரியும் குறை மறைந்திருக்கலாம்; ஆறியபின் மறுபடி வந்து ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

வருடக்கணக்கில் ஓட்டும்போது

பின் அச்சுதான் இந்த வண்டியின் உண்மையான பராமரிப்புச் செலவு. பின் டிஸ்க் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிஃபரன்ஷியலின் இரு பக்கமும் ஒட்டி இருக்கிறது. பிரேக் பிடிக்கும் சூடெல்லாம் பக்கத்து ஆயில் சீலுக்குப் போகும். சீல் இறுகி, ஆயில் கசிந்து டிஸ்க்கில் படும், பின் பிரேக் பிடிமானம் போகும். கேரேஜ் தரையில் இரண்டு பின் சக்கரங்களுக்கும் நடுவே சொட்டு விழுந்தால் தள்ளிப்போடாதீர்கள். சீல் மாற்ற, டிஃபரன்ஷியலும் பின் பிரேக்கும் அடங்கிய முழுக் கூண்டையும் கீழே இறக்க வேண்டும். அதற்குக் கழற்ற வேண்டியவை: சைலன்சர் குழாய், புரொப்பெல்லர் ஷாஃப்ட், பிரேக் பைப், ஹேண்ட் பிரேக் கேபிள், ரேடியஸ் ஆர்ம், கடைசியில் நான்கு வி வடிவ ரப்பர் மவுண்ட். ரேடியஸ் ஆர்ம் போல்ட் இறுகிப்போயிருக்கும், முந்தைய வாரமே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். இறக்கியபின் சீலோடு நின்றுவிடாமல் டிஸ்க், காலிப்பர் சீல், ஹேண்ட் பிரேக் பேட், யுனிவர்சல் ஜாயின்ட் நான்கு, வி மவுண்ட் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். டிரைவ் ஷாஃப்ட்டே சஸ்பென்ஷனின் மேல் கையாகவும் வேலை செய்வதால், தேய்ந்த ஜாயின்ட் சத்தம் மட்டும் போடாது, சக்கரத்தின் சாய்வையும் கெடுக்கும். டிஸ்க்கிலிருந்து எடுக்கும் ஷிம்களை (மெல்லிய இடைத்தகடுகளை) இடம் வலம் கலக்காமல் வையுங்கள். பவர்-லாக் (சக்கரம் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் வகை) டிஃபரன்ஷியலுக்கு அதற்குரிய ஆயில்தான். சாதாரண ஆயில் விட்டால் திருப்பத்தில் உறுமும்.

இன்ஜின் நீண்ட ஆயுள் கொண்டது. சூடான நிலையில் 3,000 ஆர்பிஎம்மில் ஆயில் அழுத்தம் 40 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். காட்டும் மீட்டரும் சென்சாரும் பொய் சொல்லக்கூடியவை, இயந்திர கேஜ் ஒன்றை மாட்டிப் பார்த்தபின் கவலைப்படுங்கள். துத்தநாகச் சேர்மம் உள்ள 20டபிள்யூ-50 ஆயில், சுமார் 8.5 லிட்டர், 3,000 மைலுக்கு ஒருமுறை. ஹெட் அலுமினியம், டேப்பெட் கைடு (வால்வை இயக்கும் டேப்பெட் சறுக்கும் உறை) இரும்பு. சூடு ஏறினால் எக்ஸாஸ்ட் பக்கக் கைடு தளர்ந்து மேலே எழும்பி கேம்ஷாஃப்ட்டில் மோதும். அதைப் பிடித்து நிறுத்தும் தகடு மலிவு, ஹெட் கழற்றும்போது கட்டாயம் போட்டுவிடுங்கள். கிராங்க்ஷாஃப்ட்டின் பின் சீல் கயிறு வகை, லேசாகக் கசிவது இயல்பு. அதற்காக மட்டும் இன்ஜினை இறக்க வேண்டாம்.

ஆனால் கிளட்ச் தேய்ந்தால் இறக்கித்தான் ஆக வேண்டும், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்தே வெளியே வரும். கிளட்ச் ரிலீஸ் பேரிங் கார்பன் வளையம். சிக்னலில் கிளட்ச்சை மிதித்தபடியே நின்றால் அது சீக்கிரம் தேய்ந்துபோகும். சிவப்பு விளக்கில் நியூட்ரலுக்கு மாறும் பழக்கம் ஒன்றே பெரிய செலவைத் தள்ளிப்போடும்.

நெரிசலில் சூடேறுவது எல்லோரும் சொல்லும் குறை. கூலன்ட் சுமார் 18 லிட்டர் இருந்தும் ஒற்றை மின்விசிறி போதவில்லை. முதலில் பிளாக்கைப் பின்னோக்கிக் கழுவுங்கள், பிறகு ரேடியேட்டரை மாற்றுங்கள், கடைசியாகப் பெரிய விசிறியை ரிலே வழியாக இணையுங்கள். வரிசையை மாற்றினால் சேறு புது ரேடியேட்டரில்தான் போய் அடைக்கும். 3.8 வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். விசிறியோ எலக்ட்ரானிக் இக்னிஷனோ வாங்கும்போது அதைச் சொல்லி வாங்குங்கள். தெரியாமல் இணைத்தால் இக்னிஷன் மாட்யூல் அந்த நொடியே எரிந்துபோகும்.

72 ஸ்போக் சக்கரத்தை பென்சிலால் தட்டினால் எல்லாம் ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். முன் சக்கரத்தைத் தூக்கி, இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி, சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆடினால் ஸ்ப்ளைன் (ஹப்பும் சக்கரமும் கோர்க்கும் பல்வரிசை) தேய்ந்துவிட்டது, ஹப்பையும் சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைத் தின்றுவிடும்.

2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டன் பெட்ரோல் நிலையங்களில் சாதாரணப் பெட்ரோல் இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய்க்கு அது ஆகாது. சூப்பர் கிரேடு இ5 போடுங்கள், குழாய்களை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள்.

40 வருடம் கடந்ததால் சாலை வரி இல்லை, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு எம்ஓடியும் கட்டாயமில்லை. இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை எம்ஓடிக்குக் கொண்டு போங்கள், அடியை லிஃப்டில் பார்க்க மலிவான வழி அது. காப்பீட்டை ஒப்புக்கொண்ட மதிப்பு முறையில் (வண்டியின் மதிப்பை நிறுவனத்தோடு முன்கூட்டியே பேசி முடிவு செய்து) எடுத்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திருத்துங்கள். வண்டி லிஃப்டில் இருக்கும்போதே சில், தரை, முன் சட்டம் மூன்றையும் தேதியோடு படமெடுத்து பில்களோடு கோப்பில் சேர்த்துவிட்டால், மதிப்பீட்டாளர் கேட்பதும் அதைத்தான், நாளைக்கு இதே வண்டி ஏலத்துக்குப் போனால் வாங்க வருபவர் கேட்பதும் அதைத்தான்.